துரையை வாங்குகிறவருக்கு ஒரு நிபந்தனை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வண்டியின் பிரேக்கில் காற்று எடுத்தது.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். திருகு திறந்திருக்கும்வரை கால் பெடலிலேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். செய்ததெல்லாம் வீண்.

"மிதிம்மா."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்டி. நீ திற, பேசாதே."

"ம். இப்ப விடு."

கீழே படுத்திருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஒவ்வொரு மிதிக்குப் பிறகும் அது அடங்க நேரம் எடுத்தது. போதும், மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன்.

"நீ வேணும்னா மேல வந்து மிதி. நான் அடியில படுக்கறேன். அப்புறம் என்னை ஜாக்கி வச்சுத்தான் தூக்கணும், சொல்லிட்டேன்."

நான்கு சக்கரமும் முடிந்தது. அவள் இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது. "துரைக்கு இப்ப பிரேக் கல்லு மாதிரி நிக்கும்" என்றாள்.

துரை என்பது கார். பிரிட்டனில் செய்த பழைய சொகுசு செடான். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, உள்ளே வால்நட் மரப் பலகை, தோல் இருக்கைகள். வெள்ளைக்காரர் ஊரிலிருந்து வந்தவர், காலையில் எழுப்பினால் முனகுவார், நல்ல எண்ணெய்தான் குடிப்பார் என்பதால் அம்மா வைத்த பெயர் துரை. "துரைக்கு இன்னிக்கு மூட் சரியில்ல" என்றால் கிளப்பும்போது சோக்கை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அம்மா அந்த வண்டியின் டிரைவர். உரிமையாளர் ஒரு பெண் டாக்டர், பிரசவ மருத்துவர். அம்மா முதலில் அவருடைய கிளினிக்கில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார். அவரைப் பற்றி இங்கே வேறொன்றும் சொல்வதற்கில்லை. ஒரு மதியம் டாக்டரம்மாவின் டிரைவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான். டாக்டரம்மா படியில் நின்று, "இங்க யாருக்காவது வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். அம்மா வாளியைக் கீழே வைத்து, "எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது மாமாவின் சரக்கு ஆட்டோ மட்டும். அந்த விவரத்தை டாக்டரம்மா கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை.

அம்மா குள்ளம். அந்த வண்டியின் ஸ்டியரிங் பெரியது. கீழே மெத்தை வைத்து உட்கார்ந்தாலும் வெளியில் இருப்பவர்களுக்கு அவள் தலை தெரியாது. தெருப் பிள்ளைகள் "ஆளில்லாத கார் போகுது" என்று பின்னாலேயே ஓடுவார்கள். அம்மா ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி ஆட்டுவாள். பேய்தான் கை ஆட்டுகிறது என்று அலறி ஓடுவார்கள். அவளுக்கு அது அன்றைய சம்பளத்துக்கு மேலே கிடைத்த போனஸ்.

வண்டி துருப்பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் ஒரு கொண்டை ஊசி. கார்க் கதவுகளின் அடிவிளிம்பில் மழைநீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, கதவு அடியிலிருந்து அரிக்கும். மழை விட்டதும் அம்மா தலையிலிருந்து ஊசியை உருவி, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி விடுவாள். பிறகு துடைத்து மறுபடி தலையில் செருகிக்கொள்வாள். சின்ன வயதில் எனக்கு அது பார்க்கச் சகிக்காது.

டாக்டரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடு இருந்தார். அந்த அக்கா கணக்கு டீச்சர். டாக்டரம்மா இறக்கும்போது வண்டியை அம்மா பெயருக்கு எழுதி வைத்தார். வீடு தம்பி மகனுக்குப் போனது. டீச்சரம்மா அந்த வீட்டிலேயே இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தம்பி மகன் ஒருநாள், "கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வந்துடலாம் அத்தை" என்று தன் காரில் ஏற்றிக்கொண்டு போய், முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டான். பெட்டி ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அதன் பிறகு டீச்சரம்மா யாருடைய வண்டியிலும் ஏறவில்லை. கண் மங்கிக்கொண்டே வந்தது. இல்லத்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். "ஏத்திட்டுப் போறதுக்கு எல்லாருக்கும் தெரியும், திருப்பிக் கொண்டுவரத்தான் தெரியாது" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இல்லத்து மேட்ரன் என் அம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். அம்மா துரையை எடுத்துக்கொண்டு போனாள். டீச்சரம்மா ஏறினார். அம்மா அவரை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ஊரையும் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய அதே வாசலில் இறக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு காலை அவருக்கு. பின் சீட்டில் இடது பக்கம். ஜன்னல் நாலு விரல் இறக்கி. ரயில்வே கேட், ஏரிக்கரைச் சாலை, செல்போன் கடையாகிவிட்ட பழைய கிளினிக், திரும்ப இல்லம். இறங்கும்போது மார்க் போடுவார். பத்துக்கு எட்டு, எட்டரை. ஒருமுறைகூடப் பத்து போட்டதில்லை. "பத்து போட்டா அடுத்த மாசம் தலைக்கனத்துல ஓட்டுவே" என்பார்.

இனி வருவது ஒரு நோயின் கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இருதய டாக்டர் திரையைக் காட்டி, "பம்பிங் ரொம்பக் கம்மியா இருக்கு" என்றார். நான் வேறொரு ஊரில் குடிநீர் நிலையத்தில் பம்ப் இன்ஜினியர். அந்தச் சொல்லை நான் வாராவாரம் அறிக்கையில் எழுதுகிறவள். பம்பிங் குறைந்தால் வால்வைப் பார்ப்போம், சீலைப் பார்ப்போம், இம்பெல்லரைப் பார்ப்போம். எதுவும் சரிவராவிட்டால் பம்பையே மாற்றுவோம். டாக்டரிடம் அந்த வரிசையிலேயே கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கிட்னிய வச்சுக்கிட்டு அவங்களால எதையும் தாங்க முடியாதும்மா. மாத்திரைதான்" என்றார்.

அம்மா ஸ்டியரிங் தொடவே கூடாது என்றும் சொன்னார்.

"ஹாரன் அடிக்கலாமா?" என்று கேட்டாள் அம்மா.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். "ஊருக்கே பம்ப் ஓட்டுறே. பெத்தவ பம்புக்கு ஒரு ஸ்பேனர் இல்லையா உன்கிட்ட?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த மாதத்து முதல் ஞாயிறு நான்தான் ஓட்டினேன். அம்மா பக்கத்து சீட்டில். இல்லத்து வாசலில் குரல் கொடுத்து டீச்சரம்மாவை ஏற்றினாள். ரயில்வே கேட் வருவதற்குள் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"யாரு ஓட்டுறது? கியர் போடுற சத்தம் உன்னுது இல்லையே."

"என் பொண்ணு டீச்சர். இன்ஜினியர்."

"அப்படியா. எந்திரத்தைப் படிச்சிருக்கா, ஓட்டப் படிக்கல. நாலு மார்க்."

"இவ ஸ்கூல்லயே கணக்குல அவ்வளவுதான் டீச்சர் வாங்குவா" என்றாள் அம்மா. பொய்.

அன்று அம்மா அவரிடம் விஷயத்தைச் சொல்வதாக இருந்தாள். தனக்கு உடம்பு சரியில்லை, இனி ஓட்ட முடியாது, வண்டி வேறு கைக்குப் போகப்போகிறது என்று. ஏரிக்கரையில் "டீச்சர்…" என்று திரும்பினாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். டீச்சரம்மா கண்ணை மூடி, ஜன்னல் காற்றில் முகத்தை வைத்திருந்தார். "என்னடி?" என்றார்.

"ஜன்னலை இன்னும் இறக்கணுமா?"

"வேணாம். நாலு விரல்தான்."

திரும்பி வரும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இப்ப சொன்னா அவங்க தனியா ரூம்ல உக்காந்து அதையே போட்டு உருட்டுவாங்க. புது ஆளு கிடைக்கட்டும். அடுத்த தடவை அவரைக் கையோட கூட்டிட்டு வந்து, நானும் பக்கத்துல உக்காந்து சொல்றேன். ஒரு கையை விடச் சொல்லும்போது பிடிச்சுக்க இன்னொரு கை இருக்கணும்ல?"

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

நானே மாதம் ஒருமுறை வந்து ஓட்டுகிறேன் என்றேன். "நீ ரெண்டு லீவுக்கு நடுவுல வாழறவ. உன்னை நம்பி யாரும் பஸ் ஸ்டாப்புல கூட நிக்க முடியாது" என்றாள். அதையும் மறுக்க முடியவில்லை. பம்ப் ஹவுஸில் ஆள் குறைவு. அம்மாவுக்காக வாங்கிய விடுப்பே இழுபறியில் கிடைத்தது. வண்டியும் ஷெட்டில் நின்றால் கெட்டுப்போகும். ரப்பர் காயும், பிரேக் இறுகும். ஓட்டுகிற ஒருவருக்குத்தான் விற்க வேண்டும்.

விளம்பரத்தை நான் எழுதினேன். நன்கு பராமரிக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் சொகுசு செடான் விற்பனைக்கு, நெடுங்காலம் ஒரே டிரைவர், துரு இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: வாங்குகிறவர் மாதத்தின் முதல் ஞாயிறு காலை வயதான டீச்சர் ஒருவரை ஒரு சுற்று அழைத்துப்போய், ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிட வேண்டும்.

"அம்மா, விக்கிற பொருளுக்கு இப்படியெல்லாம் கண்டிஷன் போட முடியாது. சட்டப்படி செல்லாது."

"சட்டப்படி செல்லாதுன்னா மனுஷன்படி செல்லுமான்னு பார்ப்போம். எழுது."

முதலில் வந்தவர் பழைய கார்கள் சேர்ப்பவர். கையில் வெள்ளைத் துணி உறை. கதவின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அசந்து போனார். "என்ன கெமிக்கல் போடறீங்க?" அம்மா தலையிலிருந்து ஊசியை உருவிக் காட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் அவருடைய வண்டிகள் கண்ணாடிக் கூடத்தில் நிற்பவை, சாலைக்கு வருவதில்லை.

"மாசாமாசம் வெளிய எடுக்கணுமா? மழை வந்தா?"

"மழை வந்தா வைப்பர் இருக்கு சார்."

"அதில்லம்மா, பெயிண்ட்…"

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழலாமா சார்?" என்றாள் அம்மா. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். யோசித்து, முடியாது என்றார்.

இரண்டாமவர் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். நிபந்தனையைப் படித்து முடிக்கும் முன்பே, "ஒரு தடவை என்னம்மா, வாராவாரம் கூட்டிட்டுப் போறேன்!" என்றார்.

"யார் ஓட்டுவாங்க?"

"நம்ம ஆளுங்க யாராவது."

"'யாராவது'ன்னு ஒரு டிரைவரை நான் இன்னும் பார்த்ததே இல்லையே தம்பி" என்றாள் அம்மா. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய இரும்புக்கு இவ்வளவு பிகு எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு பல நாள் யாரும் வரவில்லை. அம்மாவின் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. அந்த வரியை எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் பேச்சை மாற்றவில்லை. வெறுமனே என்னைப் பார்த்தாள். வரி அப்படியே இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஒல்லியாக, தயங்கித் தயங்கிப் பேசுகிறவர். ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். தெருமுனைக்குள் மூன்று தடவை வண்டியை அணைத்துவிட்டார். கியர் அரைபட்ட சத்தத்தில் எனக்கே பல் கூசியது. இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த டீச்சரம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "இடது பக்கம். ஏன்?"

"இல்ல, அந்தப் பக்கக் கதவு கொஞ்சம் இழுத்து மூட வேண்டியிருக்கு. அவங்க கை மாட்டிக்கக் கூடாதில்ல."

"வண்டி உங்களுக்குத்தான்" என்றாள் அம்மா.

எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மாதம் வருவார். பிறகு மழை என்பார், கடையில் வேலை என்பார், பிறகு போனை எடுக்க மாட்டார். வீட்டுக்குள் வந்ததும் சொன்னேன். "இருக்கலாம்" என்றாள் அம்மா. "ஆனா அவரு கேட்ட கேள்வியை வேற யாராவது கேட்டாங்களா?"

ஒப்படைப்பதற்கு முன்பு பிரேக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றாள். அந்த வேலையைத்தான் முதலில் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். அம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கிளட்ச் எங்கே பிடிக்கும், ரயில்வே கேட் மேட்டில் எப்படி நிறுத்துவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். மூச்சு வாங்கும்போது நிறுத்தி, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

"முதல் தடவை நானும் வரேன்" என்றாள் கடைசியில். "நான் பக்கத்துல உக்காந்து பேசி, உங்களைப் பழக்கி விட்டுடறேன். என் குரல் இல்லாம அவங்க ஏற மாட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களே போயிக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து உங்களை ஏத்திக்கறேன்மா."

"பின்னாடி உக்கார வச்சிடாதீங்க. எனக்கு முன் சீட்டுல இருந்தாத்தான் ரோடு தெரியும்."

துரை தெருமுனையில் ஒருமுறை குலுங்கி நின்று, மறுபடி கிளம்பிப் போனது. அம்மா கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்து அருகில் நின்றேன். "ரெண்டாவது கியரை அவருக்கு இன்னும் ஒரு தடவை சொல்லிக் கொடுக்கணும்" என்றுதான் சொன்னாள்.

டீச்சரம்மாவுக்குப் போனிலாவது முன்கூட்டிச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "போன்ல சொல்ற விஷயமாடி இது? நேர்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லணும்."

அந்த வாரமே மூச்சுத் திணறல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீர் பிரிய ஊசி போட்டார்கள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மானிட்டரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்களைப் படிக்கத் தெரிந்த பழக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. எதையும் ஏற்றவோ இறக்கவோ என் கையில் ஒரு வால்வும் இல்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள விட்டுருவாங்கல்ல?" என்று நர்ஸைக் கேட்டாள். பார்க்கலாம் என்றாள் நர்ஸ். வெள்ளிக்கிழமை மதியம், நான் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவதற்குள், அம்மா போய்விட்டாள்.

துக்கத்துக்குக் கண்ணாடிக் கடைக்காரரும் வந்தார். வண்டியைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். மாலையை வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை அம்மாவின் அலமாரியைத் திறந்துவைத்து, எதையும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவர்தான்.

"மேடம், நான் இல்லத்து வாசல்ல நிக்கிறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த இல்லம்?"

"முதல் ஞாயிறாச்சே மேடம். அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன்ல. அதான் வந்தேன். ஆனா டீச்சரம்மா ஏற மாட்டேங்கறாங்க. வண்டியைத் தொட்டுப் பார்த்தாங்க, துரைதான்னு சொன்னாங்க. அப்புறம் என்னை யாருன்னு கேட்டாங்க. புதுசா வாங்கினவன்னு சொன்னேன். பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அவ எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது போலிருக்கு மேடம். நான் என்ன சொல்லட்டும்?"

யாரும் சொல்லவில்லை. இல்லத்தில் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான் வந்து சொல்வேன் என்று மேட்ரன் நினைத்திருந்தாள்.

போனில் பின்னாலிருந்து டீச்சரம்மாவின் குரல் கேட்டது. "போன்ல அவளா? என்னை ஏமாத்தி எங்க கொண்டு போகப் பார்க்கறாங்கன்னு கேளு அவளை."

"ஒண்ணும் சொல்லாதீங்க. நான் வரேன்" என்றேன்.

ஆட்டோ பிடித்துப் போனேன். துரை வாசலில் நின்றது. கழுவித் துடைத்து, இடது பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஜன்னல் நாலு விரல் இறங்கியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கதவோரம் கைகட்டி நின்றார், தண்டனை பெற்றவர் மாதிரி. மேட்ரன் படியில் நின்றவள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

டீச்சரம்மா பெஞ்சின் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். வெளியே போகும் புடவை. மடியில் கைப்பை.

"யாரு?"

"நான்தான் டீச்சர். நாலு மார்க்."

முகம் தெளிந்தது. கம்பியிலிருந்து கை தளர்ந்தது. என் பின்னால் இன்னொரு காலடி வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வந்துட்டியா. நல்லதாப் போச்சு. இந்த ஆளு வண்டியை வாங்கிட்டேங்கறான். கேட்டியா கதையை? உங்கம்மா வித்தா எங்கிட்ட சொல்லாமலா விப்பா?"

வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். சின்ன வாக்கியம். கண்ணாடிக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சொல்லியிருந்தபடி டீச்சரம்மாவின் கையை என் கையில் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா என்ன சொல்வதாக இருந்தாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"என்னடி, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார் டீச்சரம்மா. கைப்பையை மறுபக்கம் நகர்த்தி, பெஞ்சில் இடம் விட்டார். "உக்காரு. அவ வர வரைக்கும் நீ பேச்சுத்துணைக்கு இரு."

உட்கார்ந்தேன்.